விரதம் இல்லைங்க, புரதம்

இலை கிள்ளிவந்து ஆய்வுகூடத்தில் கொடுப்பதெல்லாம் ஓர் உத்தியோகமா என்று கேட்பவர்கள், முதலில் நாலு அட்டைக்கடி வாங்கிவிட்டு வந்து பேசட்டும். பிறருடைய ஆராய்ச்சிக்காக அலைந்திருக்கும் உங்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. பதுளையிலிருந்து தெமோதரைப் பக்கத் தோட்டம் ஒன்றுக்கு இரண்டு வருடம் ஐஸ் பெட்டியும் கையுமாகப் போய்வந்தேன். இப்போதும் ரயில் சத்தம் கேட்டால் மனம் அங்கே ஓடிவிடுகிறது.

எந்தக் கிழமை?

முதல் நாள் கொழுந்து பறிக்கும் பெண்களை நிறுத்தி விளக்கினேன். "எல்லா உயிருக்கும் புரதம் இருக்குங்க. அதுல சிலதுல 'டிர்'னு ஒரு துண்டு இருக்கு. கிருமி வந்தா உள்ளுக்குள்ள சேதி சொல்லும். தேயிலையிலயும் இருக்கு, ஈயிலயும் இருக்கு, நமக்கும் இருக்கு." எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த மலையில் இருபது வருடமாகப் பறிக்கும் செல்வமணி அக்காதான் சந்தேகம் கேட்டார்: "தேயில விரதம் இருக்கிறது சரிங்க மிஸ், எந்தக் கிழமைன்னு சொல்லலையே?"

நோய் இலை

அது விதையிலிருந்து வளர்ந்த பழைய தேயிலை. ஒரு செடி மாதிரி இன்னொன்று இருக்காது. கொப்புள நோய் அந்த மலை முழுக்கப் பரவியபோது ஒரே ஒரு செடிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன் டிர் துண்டு வேறு மாதிரி இருக்கலாம் என்று ஆய்வுகூடத்தை நடத்தும் எங்கள் மேடம் நினைத்தார். அந்தச் செடிதான் எங்கள் ஆராய்ச்சியின் உயிர்.

ஒப்பிட்டுப் பார்க்க, பக்கத்துச் செடிகளில் கொப்புளம் விழுந்த இலை வேண்டும் என்று அக்காவிடம் பை கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் பை நிறையப் பளபளவென்று கொழுந்து. ஒரு கொப்புளம் கிடையாது. நோய் இலை எங்கே என்றதும் அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அதெல்லாம் பொறுக்கி வீசிட்டேன். அதைக் கொண்டுபோயி ஒங்க மேடம்கிட்ட நீங்க ஏச்சு வாங்கவா?"

காது கேட்கும் விதம்

கிருமி வந்ததும் இந்தத் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அப்போதுதான் சேதி போகும் என்பதை விளக்க நான் படாத பாடு பட்டேன். காலைப் பெரட்டில், பெயர் கூப்பிட்டு வேலை பிரிப்பதற்காகக் காத்திருந்த அக்கா, கொட்டாவி விட்டுக்கொண்டே முடித்துவைத்தார்: "ஒத்தையா கத்தினா ஒண்ணும் நடக்காது. நாலு பேரு சேந்து நின்னாத்தான் தொரைக்குக் காது கேக்கும். இதுதானே மிஸ்?"

ஐஸ்கிரீம் பெட்டி

கொப்புளம் விழாத செடியின் இலை ஆய்வுகூடத்தில் கெட்டுப்போயிற்று. மறுபடி எடுக்கலாம் என்றிருந்தபோது, அந்த மலையின் தேயிலையைப் பிடுங்கிச் சுற்றுலா விடுதி கட்டப்போவதாகச் செய்தி வந்தது. மண்சரிவில் பதுளைப் பக்கப் பாதை மூடிக்கிடந்தது. அக்காவைப் போனில் பிடித்து, அந்தச் செடியின் இலையைக் குளிரில் வைக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்ல முடிந்தது. அதற்குள் லைன் போய்விட்டது.

மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தால் வெறும் சிவப்பு மண். எனக்கு அழுகையே வந்துவிட்டது. சந்தியில் கடை வைத்திருக்கும் நானா கைதட்டிக் கூப்பிட்டு, ஐஸ்கிரீம் பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு பையில் அந்தச் செடியின் கொழுந்து. மெஷின் வருவதற்கு முன்னால் செல்வமணி அக்கா பறித்துக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்.

அக்கா குடியிருந்த லயத்துக்கு ஓடிப்போய் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் சிரித்தார். "ஒங்க எல பத்திரமா கெடைச்சிருச்சுதானே மிஸ்? எனக்குத்தான் நாளைக்கு எந்த மலையில வேலைன்னு இன்னும் சொல்லல."

இரண்டு வருட ஆராய்ச்சியில் நான் உறுதியாகச் சொல்லக்கூடிய முடிவு ஒன்றுதான்: எங்கள் தொழிலில் ஒரு செடியைக் காப்பாற்றினோம் என்றால், அதன் இலையைக் காப்பாற்றினோம் என்று அர்த்தம்.