காணும் பொங்கலில் நல்லதாகிவிட்ட படம்

பொங்கலன்று எங்கள் டூரிங் கொட்டகையில் புதுப் படம் போட்டோம். பெண்கள் பக்கத்து டிக்கெட் ஜன்னலில் உட்கார்ந்திருந்த எனக்கு ஈ ஓட்டுவதுதான் வேலை.

நைனாவின், அதாவது என் அப்பாவின், தொழில் கூட்டாளிக்குக் கோபம். "இது ஓடாத படம்ணா. காலையில படப்பெட்டிய பாகாலா ரயில்ல ஏத்தி கம்பெனிக்கே திருப்பி அனுப்பிடு."

வேறு படம் எடுக்கக் காசில்லை; பெட்டி போனால் கொட்டகையையும் பிரிக்க வேண்டியதுதான்.

பெரியவர்கள் நடுவில் நான் பேசுவதில்லை. அன்று பேசிவிட்டேன். "பொங்கப் பானைய அடுப்புல வெச்சிட்டு எந்தப் பொம்பள நைனா சினிமாக்கு வருவா? காணும் பொங்கல் வரிக்கும் பாக்கலாமே."

நைனா பெட்டியை அனுப்பவில்லை.

இன்று காணும் பொங்கல். பொழுது சாய்வதற்குள் மாட்டு வண்டிகள் வந்துவிட்டன. புளிச்சோற்று மூட்டையோடு வந்த ஓர் அக்காவிடம், "இன்னா படம்னு தெரியுமாக்கா?" என்றேன்.

"எதுவா இருந்தா இன்னாடி? பண்டிக பூரா ஆக்கிக்கினே இருந்தேன். செத்த உக்காந்தா போதும். டிக்கெட்ட குடு."

பெண்கள் பக்கம் நிரம்பி வழிந்தது. இரு பக்கத்தையும் பிரிக்கும் நடுத்தட்டியை ஆண்கள் பக்கம் தள்ளிக் கட்டினோம்.

கூட்டாளி இப்போது நைனாவிடம், "நல்ல படம்னு நான் அப்பவே சொல்லல?" என்கிறார்.

படம் அதேதான். அந்த அக்கா பாதியிலேயே தூங்கிவிட்டார். உங்கள் ஊரில் எப்படி, படத்துக்காகவா வருகிறார்கள்?