ஞானஸ்நானப் புத்தகத்தில் ஒரு வரி

மாமன் மகனைக் கட்டிக்கொள்ள வேண்டுமென்றால் எங்கள் வேதத்தில் மேற்றிராணியாரின், அதாவது பிஷப்பின், அனுமதி வேண்டும். ஊர் உரிமை என்று சொல்வதைக் கோயில் தடை என்று சொல்லும். இரண்டு பக்கமும் மூன்று தலைமுறை வம்சாவளியை எழுதிக்கொண்டு வந்தால் மனு அனுப்புவதாக ஆவூர்ப் பங்குச் சாமியார் சொல்லியிருந்தார். எங்கள் ராஜாவின் சமஸ்தானம் போய் நாலைந்து வருஷம் ஆகியிருந்த சமயம் அது. எனக்குப் பத்தொன்பது வயது. அம்மாவின் அண்ணன் மகனுக்கு என்னைப் பேசி முடித்திருந்தார்கள். அவர்கள் பேசியிருக்காவிட்டாலும் நான் அவரைத்தான் கட்டியிருப்பேன். அவ்வளவு ஆசை.

கோயில் பதிவேடுகளைப் பார்த்துக்கொண்ட உபதேசியாருக்குக் கண்ணில் பூ விழுந்திருந்தது. "நீதான் எட்டாவது படிச்சிருக்கியே, நீயே பாத்து எழுதிக்க ஆத்தா" என்று பழைய ஞானஸ்நானப் புத்தகங்களை என் முன்னால் வைத்தார். எழுதியிருந்தது இலத்தீன், ஆனாலும் பெயர்கள் புரிந்தன. என் கல்யாணத்துக்கு நானே வம்சாவளி எழுதுகிறேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

அம்மாவின் பெயர் அகப்பட்டது. மாமாவின் பெயர் மட்டும் அம்மாவைப் பெற்றவர்களின் பிள்ளைகளில் எங்கும் இல்லை. இல்லை என்று எழுதிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். படித்த திமிர், விடவில்லை. மூன்றாவது புத்தகத்தில் மாமா இருந்தார். தாய் தகப்பன் என்ற இடத்தில் என் அப்பாவைப் பெற்றவர்களின் பெயர்கள். ஓரத்தில் தமிழில் ஒரு வரி, பிள்ளையில்லாத ஒருவருக்கு வளர்க்கக் கொடுத்ததாக. அந்த ஒருவர் என் அம்மாவின் அப்பா. அதற்குப் பிறகுதான் அவருக்கு அம்மா பிறந்திருக்கிறாள்.

கண்டுபிடித்த பெருமையில் சத்தமாக வாசித்தேன். வாசித்து முடித்த பிறகுதான் உறைத்தது. மாமா எனக்கு மாமா இல்லை, அப்பாவின் அண்ணன். அவர் மகன் எனக்கு அண்ணன்.

"இது பங்காளி முறையில்ல ஆயிருச்சு" என்றார் உபதேசியார்.

"யாருகிட்டயும் சொல்லாதீங்க" என்று கெஞ்சினேன். பொழுது சாய்வதற்குள் தெருவுக்கே தெரிந்திருந்தது.

அப்பா நான் சிறுமியாக இருந்தபோதே போய்விட்டார். விஷயம் தெரிந்த பெரியவர்களோ வாயைத் திறக்காமலே போய்ச் சேர்ந்திருந்தார்கள். இன்றைக்கும் அவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அம்மா சாமியாரிடம் ஓடினாள். "அப்பாகூடப் பிறந்தவர் மகனானாலும் அம்மாகூடப் பிறந்தவர் மகனானாலும் எங்க சட்டத்துக்கு ஒண்ணுதாம்மா. மனு அனுப்பட்டுமா?" என்று கேட்டார் அவர். அம்மா காதைப் பொத்திக்கொண்டு திரும்பி வந்தாள். கோயில் தரத் தயாராக இருந்ததை எங்கள் சனம் தரவில்லை.

மறு வருஷம் மாமன் மகனுக்கு விராலிமலைப் பக்கம் பெண் எடுத்தார்கள். அவருக்கு உடன்பிறந்த பெண்கள் கிடையாது. பீடத்துக்கு முன்னால் அவர் தாலியை எடுத்துக் கழுத்தில் வைத்ததும், அதுவரை நான் அத்தை என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த அவருடைய அம்மா என் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள்.

"நீதான தங்கச்சி, வந்து முடிச்சப் போடு."

அவர் என்னைப் பார்க்கவில்லை. ஒன்றுக்கு மூன்றாக, நான்தான் போட்டேன். இறுக்கியே போட்டேன்.