பையில் இல்லாத ஹார்ட் டிஸ்க்

போன வெள்ளிக்கிழமை காலையில் போன் வந்தது. எடுத்தால் அழுகை. யாரென்று புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று... செல்வி.

எங்கள் தெருவுக்கு வருடக்கணக்காக மீன் கொண்டுவரும் அஞ்சலையின் மகள். வீடு கடலையொட்டித் தேவனாம்பட்டினத்தில். தினமும் பஸ் பிடித்துச் சிதம்பரம் போய் பி.எச்டி. படிக்கிறாள். கூடை சுமந்து மீன் விற்கிற பெண்களைப் பேசவைத்துப் பதிவு செய்வதுதான் ஆராய்ச்சி. மூன்று வருட உழைப்பு. அதில் பேசிய அவளுடைய பெரியம்மா இப்போது உயிரோடு இல்லை.

இரண்டு மாதம் முன்பு என்னிடம் வந்தாள்.

"சார், லேப்டாப்பு அடிக்கடி நின்னு போவுது. இன்னொரு காப்பி எடுத்து வெக்கணும். ஜாஸ்தி செலவில்லாம நல்ல ஹார்ட் டிஸ்க்கா பாத்து சொல்றீங்களா?"

கேட்டது யாரை? மூன்று கம்ப்யூட்டரைப் பிரித்துப் போட்டு, ஒன்றரையைத் திரும்பச் சேர்த்தவனை. விடுவேனா?

மூன்று கடை ஏறி இறங்கினோம். முதல் கடையில் பாதி விலைக்கே ஒன்றை எடுத்து வைத்தார்கள். எங்கோ கழற்றிய பழைய டிஸ்க், மேலே புது டப்பா. பில் கேட்டால், "பில்லு எதுக்கு சார்?" என்றார் கடைக்காரர். வெளியே வந்துவிட்டோம். அடுத்த கடையில் காட்டியதற்குத் தனியாக கரன்ட் வேண்டும். நம்ம ஊர் பவர்கட்டில் அதை வைத்து என்ன செய்ய? கடைசியில் கையகலத்தில் ஒன்று கிடைத்தது. லேப்டாப்பில் சொருகினால் போதும், மூன்று வருட வாரன்ட்டி, சீல் உடையாத பெட்டி. கடையிலேயே ஒரு பெரிய ஃபைலை ஏற்றி, திறந்து பார்த்த பிறகுதான் அவளைப் பணம் கொடுக்கவிட்டேன்.

பெருமை தாங்கவில்லை எனக்கு. ஆனால், வாங்கியதை எங்கே வைக்க வேண்டும் என்று சொன்னேனா? இல்லை.

சுனாமிக்குப் பிறகு அந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு ஒரு பை உண்டு. ரேஷன் கார்டு, பட்டா, சர்டிபிகேட் எல்லாம் அதில். வாசலோரம் ஆணியில் தொங்கும். கடல் பொங்கினால் அதைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான். செல்வியும் லேப்டாப், ஹார்ட் டிஸ்க் இரண்டையும் அந்தப் பையில்தான் வைப்பாளாம் — பத்திரமாக!

வியாழக்கிழமை புயல் எச்சரிக்கை. எல்லோரையும் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொன்னார்கள். முழங்கால் தண்ணீரில் பையோடு ஓடிய செல்வி வழுக்கி விழுந்தாள். எழுந்து போய்த் திறந்து பார்த்தால், லேப்டாப்பிலிருந்து தண்ணீர் வடிகிறது. ஹார்ட் டிஸ்க்கைக் காணவே காணோம்.

நான் போனபோது பள்ளிக்கூட வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள்.

"வுழுந்த எடத்துல தேடிப் பாத்துட்டேன் சார். பெரியம்மா பேசுனது வேற எங்கயும் இல்ல..."

மூன்று கடை ஏறி இறங்கிய எனக்கு, இரண்டையும் ஒரே பையில் வைக்காதே என்று ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லையே.

அப்போதுதான் அஞ்சலை பஸ்ஸை விட்டு இறங்கி வந்தார். செவ்வாய்க்கிழமையே சிதம்பரத்தில் தம்பி வீட்டுக்குப் போனவர். மகள் அழுதுகொண்டே சொன்னதை நின்று கேட்டார்.

"அந்த கறுப்பு டப்பாவா? அத அன்னிக்கே நான் எடுத்துட்டுப் போயி, ஒன் மாமன் வூட்டு பீரோவுல வெச்சிட்டேன்."

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"சொன்னா வுட்டுருப்பியா?"

எனக்கு ஆச்சரியம். "உங்களுக்கு எப்படித் தோணுச்சு?" என்று கேட்டேன்.

"இதுல இருக்கறதுதான் அதுலயும் இருக்குதுன்னு இவதான் சொன்னா. அப்பறம் எதுக்கு ரெண்டும் ஒரே பையில? எங்க வூட்ல அண்ணனையும் தம்பியையும் ஒரே போட்டுல கடலுக்கு அனுப்ப மாட்டோம் சார்."

அன்று மாலையே சிதம்பரம் போய் ஒரு கம்ப்யூட்டரில் சொருகிப் பார்த்தோம். பெரியம்மா வஞ்சிர மீனுக்கு விலை பேசிக்கொண்டிருந்தார். செல்வி மறுபடி அழுதாள். நானும்தான்.

வீட்டுக்கு வந்து பார்த்தால், என் ஹார்ட் டிஸ்க் கம்ப்யூட்டர் தலைமேலேயே ஒய்யாரமாக உட்கார்ந்திருக்கிறது. இப்போது அதுவும் சிதம்பரத்தில் — அஞ்சலையின் தம்பி வீட்டு பீரோவில்.