தானாக நிற்காத கார்

என் கணவருக்கு ஒரேயொரு ஜேர்மன் கொம்பனியின் கார்களில்தான் பைத்தியம். எந்தக் கொம்பனி என்று சொன்னால் மற்றதை வைத்திருப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள், அதனால் சொல்லவில்லை. இந்த நாட்டுக்கு வந்த புதிதில், சென் ஜேம்ஸ் ரவுணில் பதினாறாம் மாடியில் இருந்த காலத்திலேயே, கட்டில் வாங்க முன்னம் கார் வாங்கிய மனிதர் அவர். கறுப்பு நிறம், சதுர முகம், எண்பதுகளில் செய்தது. எங்கள் கைக்கு வரும்போதே அதற்குப் பன்னிரண்டு வயது. பிறகு அதே கொம்பனியின் வெள்ளி நிறக் கார் ஒன்று வந்தது, பிள்ளைகளை ஏற்றி இறக்க உயரமானது ஒன்று வந்தது, இரண்டும் போய்விட்டன. கறுப்பை மட்டும் விற்க மாட்டேன் என்றுவிட்டார். இப்போது இருக்கும் யூனியன்வில் வீட்டுக் கராஜில் அதற்குப் போர்வை இருக்கிறது. எனக்குக் குளிர்கிறதா என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

போன வருசம் வாசலுக்குப் புதிது ஒன்று வந்தது, மின்சாரத்தில் ஓடுவது. சத்தமில்லை, முன்னால் பெரிய திரை. வீதிக் கோட்டைத் தாண்டினால் ஸ்டியரிங் தானே திரும்பும். குறுக்கே யாராவது வந்தால் தானே பிறேக் பிடித்து நிற்கும். முதல் மாதம் நானும் வாயைப் பிளந்துகொண்டுதான் இருந்தேன். ஆனால் அது எந்த நேரமும் கீக் கீக் என்று கத்திக்கொண்டே இருந்தது.

"உது கெட்டிக்காரக் கார். நாங்கள் ஒண்டும் பாக்கத் தேவையில்லை" என்பார்.

பிறகு மகள் அந்தக் காரை ஒரு கிழமைக்கு வாங்கிப் போனாள். அவளோடு மூன்று தரம் வெளியே போனேன். மூன்று தரமும் கார் மூச்சுக் காட்டவில்லை. அன்றோடு என் நிம்மதி போயிற்று. கத்தியது காரின் கெட்டித்தனத்தால் இல்லை, இவர் பார்க்காததால் என்று அப்போதுதான் விளங்கியது.

அவர் சீனி வருத்தக்காரர், நீரிழிவு கண்ணையும் விடாது. கண் டொக்டரிடம் போகும் நாளை இரண்டு தரம் தள்ளிப் போட்டிருந்தார். டொக்டர் பார்த்தால் லைசென்சில் கை வைப்பார் என்ற பயம். கேட்டால், "கண்ணாடி மாத்த வேணும், அவ்வளவுதான்" என்பார். கறியில் உப்புக் கூடியதற்கு ஒரு மணித்தியாலம் சண்டை பிடிக்கிற நான் இதற்கு வாயை மூடிக்கொண்டேன். வேலையிலிருந்து நின்ற மனிதர், கையில் அந்தக் கார்த் திறப்பைத் தவிர வேறொன்றுமில்லை என்று பாவம் பார்த்தேன். ஒவ்வொரு தரமும் காரில் ஏறி இருந்து, வீடு வந்து சேரும் வரைக்கும் கதவுப் பிடியை விடமாட்டேன். அடுத்த நாளும் ஏறுவேன்.

அப்போதுதான் அவருடைய பழைய சிநேகிதரின் மகனுக்குக் கல்யாணம் வந்தது. டோர்செட் பார்க்கில் அவர்களுடைய அடுக்குமாடியிலிருந்து மண்டபத்துக்கு மாப்பிள்ளையைக் கறுப்புக் காரில் கூட்டிப் போவதாக இவர் வாக்குக் கொடுத்துவிட்டார். நாலு நாள் தேய்த்துத் தேய்த்து மினுக்கினார். புதுக் காரில் போவோம் என்றேன். "உதிலயோ மாப்பிள்ளையை ஏத்துறது? மண்டபத்தில ஆர் திரும்பிப் பாப்பினம்?" என்றார். உண்மையைச் சொன்னால், எல்லாரும் திரும்பிப் பார்க்க அதில் போய் இறங்க எனக்கும் ஆசை இருந்தது.

சனிக்கிழமை காலை, பொனற்றில் பூமாலை, நான் பட்டுச் சேலையோடு முன் இருக்கையில். கெனடி ரோட்டில் தெற்கே இறங்கினோம். நான் வாய் ஓயவில்லை. "சிவப்பு வருது." "வலப்பக்கம் பஸ் நிக்குது." "இஞ்சாருங்கோ, கொஞ்சம் மெல்ல."

"நீர் கொஞ்சம் பேசாமல் வாரும்" என்று எரிந்து விழுந்தார். எனக்கும் கோபம் வந்தது. பேசாமல் இருந்தேன்.

அடுத்த சந்தியில் விளக்கு சிவப்பாகியது. ஒரு பெண் தள்ளுவண்டியோடு வீதியில் இறங்கினாள். இவர் பெடலிலிருந்து காலை எடுக்கவில்லை. எனக்கு இன்றைக்கும் வெட்கமான விசயம், நான் ஒரு கணம் காத்திருந்தேன், கார் தானே நிற்கும் என்று. பிறகுதான் இது கறுப்புக் கார் என்று உறைத்தது. நடுவில் இருந்த ஹாண்ட் பிறேக்கை இரண்டு கையாலும் இழுத்தேன். கார் பின்பக்கம் ஒருதரம் இழுபட்டு நின்றது. அவளுக்கும் எங்களுக்கும் இடையில் ஒரு முழம் இருக்கலாம். அவள் எங்களைப் பார்த்தாள், பூமாலையைப் பார்த்தாள், வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

"என்னத்துக்கு இழுத்தனீர்?" என்று கேட்டார். நடிக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

"இறங்குங்கோ. காரை நான் ஓடுறன்."

"அங்க சனம் பாக்கும்."

"பாக்கட்டும்."

பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். அவர் இறங்கி, காரைக் கையால் தடவிப் பிடித்துக்கொண்டே என் பக்கம் சுற்றி வந்தார். லைசென்ஸ் இருந்தும், முப்பது வருசத்தில் அந்த ஸ்டியரிங்கை அன்றுதான் தொட்டேன். இருக்கையை முன்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளை வீட்டு வாசலில் யாரும் கேட்கும் முன்னமே, "இண்டைக்கு எனக்கு ஓட ஆசையா இருந்தது" என்று சொன்னேன். சிநேகிதர், "மச்சான், கடைசியில தங்கச்சியிட்ட திறப்பைக் குடுத்திட்டியே" என்று சிரித்தார். இவரும் சிரித்தார். மாப்பிள்ளையைப் பின்னால் இருத்தி ஊர்ந்து ஊர்ந்து மண்டபம் போய்ச் சேர்ந்தேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஒருவரையும் பார்க்கவில்லை.

மண்டபத்தில் தாலி கட்டும் நேரம் நெருங்க, கையில் பூவும் அரிசியும் தந்தார்கள். அவர் என் காதுக்குக் கிட்டக் குனிந்தார்.

"உண்மையைச் சொல்லும். றோட்டில என்ன நிண்டது?"

ஒன்றுமில்லை, நான்தான் பயந்துவிட்டேன் என்று வாய்வரை வந்தது. ஒரு வருசமாக அப்படித்தானே சமாளித்தேன். அன்றைக்கு முடியவில்லை.

"ஒரு பொம்பிளை. தள்ளுவண்டியில கைக்குழந்தை."

மேளம் உச்சத்துக்குப் போனது, எல்லாரும் எழும்பி அரிசியை எறிந்தார்கள். அவர் மட்டும் பொத்திய கையோடு நின்றார். சத்தம் அடங்கிய பிறகு, என் பக்கம் திரும்பாமலே, மெதுவாகக் கேட்டார்.

"மாப்பிள்ளை சிரிக்கிறானோ?"

நாங்கள் மேடைக்கு முன்னால் மூன்றாவது வரிசையில்தான் நின்றோம்.