யோனா கட்சிக்காரர்

சின்னுசாமிக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டார், கை ஓங்கமாட்டார். எழுந்து போய்விடுவார்.

பதினாறு வயதில், அப்பன் தேனடையில் பெரிய துண்டைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டார் என்று கொல்லிமலையை விட்டே இறங்கிப் போனார். இரண்டு வருடம் ராசிபுரத்தில் ஒரு வண்டிக்காரரிடம் மாடு ஓட்டினார். தேனைத் தின்ற தம்பிக்கே அது மறந்துபோன பிறகுதான் திரும்பி வந்தார். கல்யாணத்தன்று, தன் பக்கத்துப் பெரியவர்களுக்குப் பிந்தி இலை போட்டார்கள் என்று பலாமரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார். கெஞ்சிக் கூத்தாடி அவரை இறக்கியபோது நல்லநேரம் தாண்டிவிட்டது. கண்ணாயிக்குக் கெட்டநேரத்தில்தான் தாலி ஏறியது. "அதனால ஒண்ணும் கெட்டுப் போகல. மனுசன் மட்டும் அப்பப்பக் காணாமப் போவாரு" என்பாள் அவள்.

இருந்தாலும் அவருடைய கோபங்களில் பெரிய கோபம், மலையின் இன்னொரு பகுதியான அரியூர் நாட்டின் மேல்தான். அங்கே கண்ணாயியின் அண்ணன் கருப்பண்ணன் இருந்தார். ஒரு தைப்பொங்கலுக்கு அரியூர் நாட்டில் மாடு விட்டார்கள். சின்னுசாமியும் தன் செவலைக் காளையைக் கொண்டுபோய் விட்டார். மேளம் கொட்டியதும் மற்ற காளைகள் கூட்டத்துக்குள் பாய்ந்தன. செவலை நின்று ஒரு தரம் சுற்றிப் பார்த்தது. பிறகு தலையைத் திருப்பிக்கொண்டு, வந்த வழியே சொந்த ஊரான வாழவந்திக்கு நடையைக் கட்டியது. நாடே கூடி நிற்கிற இடத்தில் கருப்பண்ணன் சொன்னார்: "மாடுன்னா இப்படியல்ல இருக்கோணும். மாப்ள மாதிரியே கோவிச்சுக்கிட்டு ஊட்டுக்குப் போவுது பாரு."

ஊரே சிரித்தது. இனி அரியூர் நாட்டு மண்ணை மிதிப்பதில்லை என்று சின்னுசாமி எட்டுக்கை அம்மன் பேரில் சத்தியம் செய்தார். ஒன்பது வருடம் மிதிக்கவில்லை. கண்ணாயி மட்டும் மாதம் ஒருமுறை அண்ணன் வீட்டுக்குப் போய்வந்தாள். அது தெரியாதது போல இருப்பதற்கு அவர் நன்றாகப் பழகியிருந்தார்.

அந்தக் காலத்தில்தான் வாழவந்தியில் ஒரு வெள்ளைக்கார டாக்டர் தகரக்கூரை போட்டு ஆஸ்பத்திரி கட்டினார். அவர் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. மலைக்காய்ச்சலுக்குக் கொயினா மருந்து கொடுத்ததால் கொயினா துரை ஆனார். சென்னையில் ஒரு பண்டிதரை வைத்துக்கொண்டு இரண்டு வருடம் தமிழ் படித்துவிட்டு வந்தவர். அதுதான் சங்கடமாகப் போயிற்று. காய்ச்சல்காரரைப் பார்த்து, "ஐயா, உமது நாவினை நீட்டுவீராக" என்பார். காய்ச்சல்காரர் கையை நீட்டுவார், காலை நீட்டுவார், கடைசியில் பயந்து எழுந்து ஓடப் பார்ப்பார்.

ஒருநாள் தானும் காய்ச்சலோடு போயிருந்த சின்னுசாமி, "நாக்க நீட்டச் சொல்றாருங்க" என்றார். அன்றிலிருந்து துரையின் தமிழைத் தமிழாக்குவது அவர் வேலையாயிற்று.

துரை மருந்து கொடுப்பதற்கு முன் ஒரு கதை சொல்வார். முன்னால் கதை, பின்னால் கசப்பு என்று சனங்களும் பழகிவிட்டார்கள். துரை சொல்லச் சொல்ல, சின்னுசாமி பக்கத்தில் நின்று மலைப்பேச்சில் திருப்பிச் சொல்வார். ஆபிரகாம், மோசே, தாவீது எல்லாரும் வந்து போனார்கள். யாரிடமும் அவர் மனம் ஒட்டவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை யோனா வந்தார்.

எபிரேய தேசத்துத் தீர்க்கதரிசி யோனா என்றார் துரை. "சாமி சொல்றதச் சனங்ககிட்டச் சொல்றவரு" என்றார் சின்னுசாமி. நினிவே என்ற ஊருக்குப் போய், உங்கள் அக்கிரமத்தால் நாற்பது நாளில் அழியப்போகிறீர்கள் என்று சொல்லும்படி கடவுள் அவரை ஏவினார். நினிவேக்காரர்கள் யோனாவின் சனத்துக்குப் பகையாளிகள். அவர் எழுந்தார், நேர் எதிர்த்திசையில் போகிற கப்பலில் ஏறிவிட்டார்.

சின்னுசாமி மொழிபெயர்ப்பை நிறுத்திவிட்டுத் துரையைப் பார்த்தார். "எந்திரிச்சுப் போயிட்டாருங்களா?"

"ஆம். போய்விட்டார்."

"பேச்சே இல்லாமலா?"

"ஒரு வார்த்தையும் பேசவில்லை."

உலகத்தில் தன்னைப்போல ஒரு மனிதர் இருந்திருக்கிறார் என்று அன்றுதான் சின்னுசாமிக்குத் தெரிந்தது.

கடலில் யோனாவை ஒரு பெரிய மீன் விழுங்கிய இடத்தை அவர் சுருக்கமாக முடித்துவிட்டார். ஓடையில் விரல்நீளக் கெண்டை பிடிக்கிறவர்களிடம் ஆளை விழுங்கும் மீனைப் பற்றிப் பேசிப் பயனில்லை. ஆனால் மீன் கரையில் கக்கிய பிறகு யோனா நினிவேக்குப் போனதையும், சொன்னதையும், ராசா முதற்கொண்டு ஊரே மனம் மாறியதையும் விரித்துச் சொன்னார். ராசா பட்டாடையை அவிழ்த்துப் போட்டுவிட்டு இரட்டு என்னும் முரட்டுச் சாக்குத்துணி உடுத்தினான் என்றார் துரை. "ராசா கம்பளி போத்திக்கிட்டாரு" என்றார் சின்னுசாமி. எல்லாரும் தங்கள் தோளில் கிடந்த கம்பளியைப் பார்த்துக்கொண்டார்கள். மாடுகளுக்கும் அதைப் போர்த்தி, தண்ணீர்கூடக் காட்டாமல் விரதமிருக்க வைத்தார்கள் என்றதும் கூட்டம் அசைந்து கொடுத்தது.

"மாட்டுக்கும் கம்பளி கொடுத்தாருன்னா நல்ல ராசாதான்" என்றாள் அத்தாயி. முழங்கால் வலிக்காக வாரம் தவறாமல் வருகிற, நாட்டில் யாருக்கும் பயப்படாத பெண்பிள்ளை அவள்.

கடவுள் மனமிரங்கி நினிவேயை விட்டுவிட்டார். யோனாவுக்கு ஆற்றமாட்டாத கோபம். ஊருக்கு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார். அவருக்கு நிழலாகக் கடவுள் ஒரே இரவில் ஓர் ஆமணக்குச் செடியை முளைக்கச் செய்தார்.

இங்கேதான் கலகம். அங்கே இருந்த அத்தனை பேரும் ஆமணக்கு விதைக்கிறவர்கள்.

"ஆமணக்கு நெழல்ல கோழி படுக்கும். ஆளு எப்படிப் படுப்பான்?" என்றார் ஒருவர்.

"அது அந்தச் சீமை ஆமணக்கு" என்றார் சின்னுசாமி.

மறுநாள் கடவுள் ஒரு புழுவை ஏவி அந்தச் செடியைப் பட்டுப்போகச் செய்தார் என்றார் துரை.

"ஆமணக்குன்னாப் புழு விழத்தான செய்யும். அதுக்குச் சாமி எதுக்கு?" என்றாள் அத்தாயி.

அந்தக் கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். துரைக்கு ஒரே சந்தோஷம். கடவுளின் இரக்கம் இந்த மக்களைத் தொட்டுவிட்டது என்று ஊருக்குக் கடிதம்கூட எழுதினார். ஐந்தாறு மாதம் கழித்து, காலுக்குத் தைலம் வாங்க வந்த அத்தாயி அவரை நேராகக் கேட்டாள்: "ஏனுங்க தொரை, அந்த யோனாவ உங்க சாமி அத்தன பேருக்கு முன்னாடி பொய்க்காரனாக்கலாமுங்களா? போகமாட்டேன்னவன இழுத்துட்டுப் போயி, நாப்பது நாள்ல அழியும்னு சொல்ல வெச்சு, அப்புறம் அழிக்காம உட்டா, அவன் மூஞ்சிய எங்க கொண்டுபோயி வெப்பான்? நாயம் சொல்லுங்க."

துரை மெதுவாகச் சின்னுசாமியின் பக்கம் திரும்பினார். அவர் கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சின்னுசாமி, நான் அவ்விதம் கூறவில்லையே."

"நீங்க கூறலீங்க. நாந்தான் கொஞ்சம் வெளக்கினேன்."

"கடவுள் இரக்கமுள்ளவர் என்பதல்லவா இக்கதையின் பொருள்?"

"எரக்கம் இருக்கட்டுமுங்க. ரோசம்னு ஒண்ணு இருக்குதல்லங்க?"

துரை புத்தகத்தைத் திறந்து கடைசிப் பகுதியைப் பொறுமையாக விளக்கினார். நீ நடாத, நீர் ஊற்றாத ஒரு செடிக்காக இவ்வளவு வருந்துகிறாயே. வலக்கை இடக்கை தெரியாத இத்தனை ஆயிரம் மனிதர்களும் இவ்வளவு மாடுகளும் உள்ள ஊருக்காக நான் வருந்தக் கூடாதா என்று கடவுள் யோனாவைக் கேட்கிறார்.

"சரிங்க. அதுக்கு யோனா என்ன சொன்னாரு?"

"அத்தோடு முடிகிறது."

"கேள்வியோடயா முடியும்? பக்கத்தத் திருப்புங்க."

துரை திருப்பினார். அடுத்த பக்கத்தில் வேறொரு தீர்க்கதரிசி ஆரம்பித்திருந்தார். சின்னுசாமி புத்தகத்தை வாங்கி, முதுகுத் தையலைத் தடவிப் பார்த்தார். "இதுல ஒரு தாளு போயிருக்குதுங்க. உங்க ஊருக்கு எழுதிக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்.

குரோதன வருடம் பங்குனியில் அடிவாரத்திலிருந்து துரைக்கு ஒரு சேதி வந்தது. முள்ளுக்குறிச்சிப் பக்கம் மாடுகளுக்கு வெக்கை நோய் கண்டிருக்கிறது. கொத்துக் கொத்தாகச் சாகின்றன. மலையிலிருந்து யாரும் சந்தைக்கு மாடு வாங்க வரவேண்டாம். வாழவந்திக்காரர்களைத் துரையே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். ஆனால் அந்த வாரம் மாட்டுச் சந்தைக்கு இறங்கப் போகிறவர்கள் அரியூர் நாட்டார். துரைக்கோ காய்ச்சல், எழுந்து நிற்க முடியவில்லை.

"சின்னுசாமி, நீர் உடனே அரியூர் நாட்டுக்குச் செல்ல வேண்டும்."

"சரிங்க" என்றார் சின்னுசாமி. வெளியே வந்தார். அரியூர்ப் பாதையைப் பார்த்தார். கீழே இறங்கும் பாதையைப் பார்த்தார். முள்ளுக்குறிச்சியில் பழைய சிநேகிதன் ஒருவனைப் பார்த்து வெகு நாளாயிற்று என்று தோன்றியது. இறங்கிவிட்டார்.

அடிவாரத்தில் ஊர் எல்லையிலேயே நாற்றம் அடித்தது. முதல் வீட்டு வேப்பமரத்தடியில் ஒரு பசு படுத்திருந்தது. கண்ணிலும் மூக்கிலும் சீழ் வடிந்தது. அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண்பிள்ளை, மாதம்மாள் என்று பெயர், கம்மங்கஞ்சியை விரலால் தொட்டு அதன் நாக்கில் தடவிக்கொண்டிருந்தாள். கஞ்சி வழிந்து அவள் சேலையில் ஊறியது.

"குடிக்காதுங்க அம்மிணி" என்றார் சின்னுசாமி.

"தெரியுமுங்க. சும்மா எப்படிங்க உக்காந்திருக்கறது?" என்றாள் அவள்.

சின்னுசாமி அதற்குமேல் ஓரடி வைக்கவில்லை. நோய் தன்னோடு ஒட்டிவராதிருக்க ஓடையில் இறங்கித் தலையோடு முழுகி, வேட்டியை அலசிப் பிழிந்து கட்டிக்கொண்டார். கம்பளியை ஒரு பாறை மேல் விட்டுவிட்டார். அரை நாள் இறங்கிய மலையை மூச்சு வாங்காமல் ஏறினார்.

சத்தியம் சத்தியம்தான். அரியூர் நாட்டு எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டார். வயலில் கருப்பண்ணனும் ஏழெட்டுப் பேரும் இருந்தார்கள். ஒன்பது வருடத்துக்குப் பிறகு மச்சானிடம் பேசுகிற பேச்சை எவ்வளவு சுருக்க முடியுமோ அவ்வளவு சுருக்கினார்.

"வெக்கை வருது. உங்க நாட்டுல ஒரு மாடு மிஞ்சாது" என்று கத்திவிட்டுத் திரும்பி நடந்தார்.

பேசாத மனிதன் வந்து பேசியதே கருப்பண்ணனுக்குக் கிலியாகிவிட்டது. சந்தைப் பயணம் நின்றது. பாதையில் முள்வெட்டிப் போட்டு அடைத்தார்கள். மாடுகளைப் பட்டியை விட்டு அவிழ்க்கவில்லை. பெண்கள் தலையில் புல் சுமந்து வந்து போட்டார்கள். ஊர் கூடி அம்மனுக்கு விரதமிருந்தது. வைகாசி பிறந்தபோது அரியூர் நாட்டில் ஒரு கன்றுக்குட்டிக்குக்கூட இருமல் இல்லை.

சோளக்காட்டுக்குப் போகிற வழியில் அந்தச் செய்தி சின்னுசாமியை எட்டியது. கூடவே கருப்பண்ணன் சொன்னதும் எட்டியது. "ஒரு மாடு மிஞ்சாதுன்னாரு மாப்ள. நல்லவேளை, மாப்ள வாக்கு என்னைக்குப் பலிச்சுது" என்றாராம்.

சின்னுசாமி மண்வெட்டியைக் கீழே போட்டார். காட்டுக்கு மேலிருந்த மொட்டைப் பாறையில் போய், அரியூர் நாடு தெரியும்படி உட்கார்ந்தார். பொழுது உச்சிக்கு ஏறியது. வெயில் மண்டையைப் பிளந்தது. இறங்கவில்லை. கண்ணாயி களியும் கீரையும் எடுத்துக்கொண்டு ஏறி வந்தாள்.

"எதுக்கு இங்க உக்காந்திருக்கறீங்க?"

"எனக்கு மானம் போச்சு."

"எதனால போச்சு?"

"ஒரு மாடாவது செத்திருந்தா நாஞ் சொன்னது நெசம்னு ஆயிருக்குமல்ல?"

கண்ணாயி தட்டத்தைப் பாறையில் வைத்தாள். ஆறு மாதமாக ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து அந்தக் கதையைக் கேட்டவள் அவள். ஆனால் அவள் கதையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

"எங்கண்ணன் பட்டியில பதினோரு மாடு. எது செத்திருந்தா உங்களுக்குத் தேவலாம்? சொல்லுங்க, கேட்டுட்டுப் போறேன்."

சின்னுசாமி வாயைத் திறந்தார். ஒரு மாட்டை நினைத்துப் பார்த்தார். வேப்பமரத்தடியும் வழிந்த கஞ்சியும்தான் கண்ணுக்கு வந்தன. வெகுநேரம் சும்மா இருந்தார். "எதுவும் வேண்டாம்" என்றார் கடைசியில்.

"அப்பக் களியத் தின்னுங்க. வெயில்ல உக்காந்தா மயக்கந்தான் வரும்."

அடுத்த செவ்வாய்க்கிழமை துரை மறுபடி யோனாவைச் சொன்னார். கடவுளின் கேள்வி வந்தது. துரை புத்தகத்தை மூடினார். சின்னுசாமி மூடவில்லை.

"அதுக்கு யோனா ரொம்ப நேரம் பேசாம இருந்தாரு. அப்புறம், சரி, மாடுகளாவது பொழைக்கட்டும்னு சொன்னாரு" என்றார்.

"சின்னுசாமி, அது எழுதப்படவில்லை" என்றார் துரை.

"எழுதியிருக்கமாட்டாங்க. தோத்துப்போனத யாருங்க எழுதி வெப்பாங்க?"

துரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "மாடுகளாவது என்றாரா, மனிதர்களையும் சேர்த்தா?" என்று கேட்டார்.

"மொதல்ல மாடுங்க" என்றார் சின்னுசாமி. "மனுசங்களுக்கு இன்னுங் கொஞ்ச நாளாகுமுங்க."

ஆடி பதினெட்டுக்கு அறப்பளீசுவரர் கோயிலில் மலையே கூடியது. அருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்த கருப்பண்ணன், கூட்டத்தில் சின்னுசாமியை எதிர்கொண்டார். இருவருக்கும் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. கோயில் நிலம் எந்த நாட்டுக்கும் தனியாகச் சொந்தமில்லை, அதனால் சத்தியத்துக்கும் பங்கமில்லை.

"செவப்புப் புள்ளிப் பசு கன்னு போட்டிருக்குது மாப்ள" என்றார் கருப்பண்ணன். "காளைக் கன்னு."

"பால் முட்ட உடுங்க மச்சான். கறக்க அவசரப்படாதீங்க" என்றார் சின்னுசாமி.

பிறகு இருவரும் கன்றின் சுழிகளைப் பற்றி, பொழுது மேற்கே சாயும்வரை பேசிக்கொண்டிருந்தார்கள். கண்ணாயி பொரியும் தேங்காயும் கொண்டுவந்து நடுவில் வைத்துவிட்டு, அருவியைப் பார்க்கப் போனாள்.