மூக்கு வைத்த இஸ்திரிப் பலகை

எங்கள் வீட்டில் துணி தேய்க்கும் பலகைக்கு மூக்கு உண்டு. ஒரு முனை அகன்று, மேல்நோக்கி வளைந்து, யாரையோ முறைப்பதுபோல் இருக்கும். மறுமுனை குறுகி முடியும். பழைய தையல் மிஷினின் இரும்புக் காலின்மேல் அதைப் படுக்கவைத்திருக்கிறோம். நடுவிலிருந்து சற்றுத் தள்ளி இடப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மேடு. இஸ்திரிப் பெட்டி அதில் ஏறி இறங்கும்போது 'டொக்' என்று ஒரு சத்தம் வரும். விருந்தாளிகள் விசாரித்தால் என் மனைவி, "அது அவர் பண்ணது" என்பாள். அதற்குமேல் யாரும் கேட்பதில்லை. நானே சொல்லிவிடுகிறேன். அது இஸ்திரிப் பலகையே அல்ல, ஸ்னோபோர்டு. பனிமலைச் சரிவில் இரண்டு காலையும் கட்டிக்கொண்டு நின்றபடி சறுக்கிப் போகிற பலகை. ஃப்ரீசரைத் தவிர வேறெங்கும் பனியைப் பார்த்திராத நான், ஐம்பத்திநான்காவது வயதில், முடிச்சூரில், மொட்டைமாடியில் உட்கார்ந்து மூன்று மாதம் மெனக்கெட்டு அதைச் செய்தேன். வேறு யாராவது செய்ததாகக் கேள்விப்பட்டிருந்தால் ஒரு நகைச்சுவைக் கட்டுரை எழுதியிருப்பேன்.

தனியாகச் செய்யவில்லை. என் மச்சான் கூட இருந்தான். மச்சான் என்றால் மனைவியின் தம்பி. சிறுசேரியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் பதினான்கு வருடம் வேலை பார்த்தவன். அதிகம் பேசமாட்டான். தட்டில் இட்லி தீர்ந்துவிட்டது என்பதைக்கூடத் தட்டைப் பார்த்துத்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். புரட்டாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அவன் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். தேய்த்த சட்டை, தோளில் லேப்டாப் பை, கையில் சாப்பாட்டுக் கூடை. கழுத்தில் மட்டும் அடையாள அட்டை இல்லை. மென்பொருள்காரர்கள் அந்தப் பட்டையைக் கழற்றாமல் டீக்கடைக்கு வருவார்கள், மீன் வாங்கப் போவார்கள், சொந்தக்காரர் வீட்டுத் துக்கத்தில்கூட அதோடு நிற்பார்கள். வெறும் கழுத்தோடு அவனைப் பார்த்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. "வொர்க் ஃப்ரம் ஹோம் மாமா" என்றான். யாருடைய ஹோம் என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கேட்டிருக்க வேண்டும். "வேலை போயிடுச்சா?" என்ற இரண்டே வார்த்தை. என் தொழிலே வார்த்தை என்று சொல்லிக்கொண்டு திரிகிறவன் நான். இன்ஷூரன்ஸ் வேலையிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, மாதப் பத்திரிகைகளுக்கு நகைச்சுவை எழுதிக்கொண்டிருந்தேன். படித்து யாரும் சிரித்ததாகத் தகவல் இல்லை. அந்த இரண்டு வார்த்தை மட்டும் எனக்கு வாயில் வரவில்லை. மறுநாளும் அவன் வந்தான், அதற்கு மறுநாளும் வந்தான். என் மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. ஏழரைக்குக் கிளம்பி நாலரைக்குத்தான் திரும்புவாள். அவன் பத்து மணிக்கு வந்து நாலு மணிக்குப் போய்விடுவான். அந்த லேப்டாப் பையை அவன் ஒருமுறைகூடத் திறக்கவில்லை. திறந்தது சாப்பாட்டுக் கூடையை மட்டும்தான். ஆபீசுக்கென்று அவன் மனைவி கட்டிக்கொடுத்த எலுமிச்சை சாதத்தை மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் பாதிப் பாதியாகச் சாப்பிட்டோம். ஒவ்வொரு வாயும் ஒரு பொய்ச் சாட்சிக் கையெழுத்து. சாதம் நன்றாக இருந்தது என்பதையும் மறைக்க முடியாது.

இரண்டாவது வாரம் பேச்சில்லாமை பொறுக்காமல், அவனை எட்டு மாதம் கம்பெனி அனுப்பிவைத்த அந்தக் குளிர் தேசத்தைப் பற்றிக் கேட்டேன். அங்கே வாரக்கடைசிகளில் பலகை ஒன்றை வாடகைக்கு எடுத்துச் சறுக்கியதைச் சொன்னான். புதிதாக விழுந்த பனி சலித்த அரிசிமாவுபோல உதிரியாக இருக்குமாம். அதில் சாதாரணப் பலகை புதைந்துவிடும், மூக்கு அகன்று வாலில் குறுகிய பலகைதான் மேலாகப் போகுமாம். "சத்தமே வராது மாமா. நாம போறது நமக்கே கேக்காது" என்றான். அவன் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. அந்த மகிழ்ச்சியில், "அதை நாமளே செஞ்சா என்ன?" என்று சொல்லிவிட்டேன். அவன் என்னை வெகுநேரம் பார்த்தான். அந்தப் பார்வையில் இருந்தது நம்பிக்கை என்று நான் எடுத்துக்கொண்டேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மரக்கடைக்காரரிடம் மலைவேம்பை விரல் அகலத்துக்கு அறுத்துக் கேட்டபோது, "கதவுக்கா, ஜன்னலுக்கா சார்?" என்றார். சறுக்குப் பலகை என்றேன். "பிள்ளைங்க பார்க்குக்கா?" என்று அவரே ஒரு முடிவுக்கு வந்தார். அந்தக் கீற்றுகளைப் பசைபோட்டு ஒட்டி, இரண்டு முனையிலும் அப்பளம்போல் மெலியும்வரை இழைத்தோம். அதற்கு அடியிலும் மேலும் கண்ணாடியிழைத் துணி விரித்து, பிசின் தடவி, அடிப்பக்கம் வழுக்கும் பிளாஸ்டிக் தகடு வைத்து அழுத்தினால் பலகை தயார். இணையத்தில் பார்த்தால் அவ்வளவுதான். கண்ணாடியிழைக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் ஃபைபர் படகு பழுதுபார்க்கிற ஒருவரிடம் போனோம். நாங்கள் நீட்டிய வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னா சார், போட்டு இவ்ளோ ஒல்லியா கீது? ஆளு எங்க குந்துவான்?" உட்காரமாட்டான், நிற்பான் என்றோம். "அப்ப வுளுவான்" என்று சொல்லித் துணியை வெட்டிக் கொடுத்தார்.

வெயில் எங்களுக்கு விரோதி. பிசினில் கெட்டியாக்கும் திரவத்தைக் கலந்தால், குளிர் தேசத்தில் நிதானமாகத் தடவ நேரம் கிடைக்குமாம். முடிச்சூரில், ஐப்பசியில்கூட, பத்து நிமிடத்தில் அது புகைவிட ஆரம்பித்தது. முதல் ஒத்திகையிலேயே நாங்கள் கலந்த குளியலறை மக் இளகி, தரையோடு ஒட்டி, இன்றுவரை மாடியில் பச்சையாக ஒரு பூப்போலப் பூத்திருக்கிறது. மக் எங்கே என்று மனைவி கேட்டாள். என்ன செய்கிறீர்கள் என்றும் கேட்டாள். மச்சான் தினமும் வருகிறான் என்பதைச் சொல்லாமல் ஒரு பதில் தேவைப்பட்டது. "உனக்கு இஸ்திரிப் பலகை" என்றேன். அவள் கொஞ்சம் உருகிப்போனாள். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் நான் அவளுக்காகச் செய்யப்போகும் முதல் பொருள் அது. இப்படியாக மச்சானின் பொய்க்குப் பக்கத்திலேயே நானும் ஒரு பொய்யை நட்டுவைத்தேன்.

மழை நின்று மார்கழி வந்தது. குளிர்ந்த காலையில்தான் பிசின் பொறுமையாக இருக்கும் என்று ஒரு சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தோம். சனிக்கிழமைக்கு என்ன சொல்லிவிட்டு வந்தாய் என்று கேட்டேன். "ஆபீஸ்ல சாஃப்ட்வேர் ரிலீஸ் இருக்குன்னேன்." சொல்லும்போது அவன் என்னைப் பார்க்கவில்லை, நானும் துணியைத்தான் பார்த்தேன். அன்றைக்குக் கேட்டிருக்கலாம். மூன்று மாதத்தில் நான் கேட்டிருக்கக்கூடிய நாட்களை எண்ணினால் ஒரு காலண்டர் அச்சடிக்கலாம். மாறாக, "பிரஷ்ஷைக் குடு" என்றேன்.

பிசின் இறுகும்வரை பலகையை ஒரே சீராக அழுத்தி வைக்கவேண்டும். அதற்கென்று இயந்திரம் உண்டாம். எங்களிடம் இருந்தது தண்ணீர் கேன். தாம்பரம் பக்கத்தில் கேன் தண்ணீர் இல்லாத வீடு கிடையாது. இருபது லிட்டர், நிரம்பினால் இருபது கிலோ, ஒன்றுக்கொன்று அச்சு மாறாது. முந்தின நாளே பன்னிரண்டு கேன் வரவழைத்து மாடிக்கு ஏற்றச் சொல்லியிருந்தேன். கேன்காரர், "இன்னா சார், வூட்ல விசேசமா?" என்றார். ஆமாம் என்றேன். பலகையின்மேல் மெல்லிய பிளைவுட்டைப் போட்டு, இரண்டு வரிசையாக ஆறாறு கேன்களை அடுக்கினோம். அசையாமல் ஆறு மணி நேரம் இருக்கவேண்டும். மச்சான் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்று பார்த்தான். மூன்று மாதத்தில் முதல்முறையாகச் சிரித்தான். "மாமா, டீ சாப்பிடலாமா?" என்றான். தெருமுனைக்குப் போனோம். கீழே என் மனைவி சமைத்துக்கொண்டிருந்தாள். தம்பி வந்திருப்பது அவளுக்குத் தெரியாது. பின்பக்கத்து மாடிப்படி செய்த உபகாரம்.

திரும்பி வந்தபோது வாசலில் ஒரு ஜோடி செருப்பு இருந்தது. பழுப்பு வார், ஒன்றில் பூ உதிர்ந்திருந்தது. மச்சான் நின்றுவிட்டான். அது அவன் மனைவியின் செருப்பு. அவன் ஹாலுக்குள் போகவில்லை, பின்பக்கமாகப் படியேறினான். நானும் பின்னாலேயே ஏறினேன். என்னத்துக்கு ஏறினேன் என்று இன்றும் தெரியவில்லை. மேலே போய்ப் பார்த்தால் பதினோரு கேன்கள்தான் இருந்தன. சமையலறையில் தண்ணீர் தீர்ந்திருக்கிறது; வந்தவளுக்குக் குடிக்கக் கொடுக்க என் மனைவி மாடியிலிருந்து ஒரு கேனை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். இடப்பக்க வரிசையில் மூன்றாவது கேன். அந்த இடத்தில் பிளைவுட் மெதுவாக மேலெழும்பிக்கொண்டிருந்தது.

அவன் மனைவி படியேறி வந்தாள். முகத்தில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "அண்ணா, இவரு இங்க எத்தனை நாளா வராரு?"

"இப்பதாம்மா... காலைலதான்" என்றேன்.

அவள் மூலையில் இருந்த சாப்பாட்டுக் கூடையைப் பார்த்தாள். "தினமும் டப்பா மூடியில மரத்தூள். சட்டையில பெயின்ட் வாசனை. ஆபீஸ்ல யாரு இவருக்கு பெயின்ட் அடிக்கிறாங்கன்னு நானும் ரெண்டு மாசமா யோசிக்கிறேன். நேத்து அண்ணிதான் போன்ல, நீங்க மாடியில பலகை செய்றீங்கன்னாங்க." பிறகு அவனிடம் திரும்பினாள். "வேலை எப்ப போச்சு?"

நான் மூன்று மாதமாகத் தேடிய வார்த்தைகள். அவள் ஒரு மூச்சில் கேட்டுவிட்டாள்.

"செப்டம்பர்ல" என்றான்.

"இது என்னது?"

"பனியில போற பலகை."

"எங்க போறதுக்கு?"

நான் ஏதாவது சொல்லியிருக்கவேண்டும். வயதில் மூத்தவன், வீட்டுக்காரன், உடந்தை. வாயைத் திறந்தால் வரக்கூடியதெல்லாம் வேடிக்கையாகத்தான் வரும் என்று தெரிந்ததால் திறக்கவில்லை. என் கண் திரும்பத் திரும்ப அந்தக் காலி இடத்துக்கே போனது. வெயில் ஏறிவிட்டது, பிசின் இறுகிக்கொண்டிருக்கிறது, பக்கத்தில் ஒரு கேனை நகர்த்தி வைத்தால்கூடப் பலகை பிழைத்துவிடும். ஆனால் ஒரு பெண் அப்படி நின்றுகொண்டிருக்கும்போது குறுக்கே தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு எவனும் போகமுடியாது. அவள் அவனைப் பார்த்தாள், அவன் தரையைப் பார்த்தான். பலகை வீங்கிக்கொண்டிருந்தது. மூன்றையும் பார்த்துக்கொண்டு நான் நின்றேன். என் வாழ்நாளில் அத்தனை உபயோகமில்லாமல் நான் நின்றதில்லை; அதில் எனக்கு ஓரளவு அனுபவம் உண்டு.

அவள்தான் முதலில் இறங்கினாள். தெருவில் ஸ்கூட்டரைக் கிளப்பி, திரும்பிப் பார்க்காமல், "ஏறுங்க" என்றாள். அவன் ஏறினான். லேப்டாப் பையை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்துப்போகப்படும் பையனைப்போல் போனான். சாயங்காலம் நான் தனியாகக் கேன்களை இறக்கிப் பார்த்தபோது மேடு கல்லாகியிருந்தது. அதன்பின் அவன் இரண்டு மாதம் வரவில்லை. அவன் மனைவி படப்பையில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள் என்று என் மனைவி சொன்னாள். தனக்குச் சொல்லாமல் இருந்ததற்காக அவள் என்னோடு பேசாத நாட்களுக்கு நடுவில் சொன்னது. போன் செய்தால் அவன், "சொல்றேன் மாமா" என்பான். எதையும் சொன்னதில்லை. நானும் நல்ல வார்த்தை ஒன்றை யோசித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும், "சாப்ட்டியா?" என்று கேட்டு வைத்துவிடுவேன். எழுதுகிறவன் என்று சொல்லிக்கொள்ளக் கூசியது அப்போதுதான்.

சித்திரையில் அவனுக்கு ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. சம்பளம் குறைவு, பஸ் அதிகம். அவள் அதற்கு முன்பே வீட்டுக்குத் திரும்பியிருந்தாள். எப்படி, யார் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் பேசவில்லை என்பது மட்டும் நிச்சயம். அவன் கழுத்தில் புதிய பட்டை ஏறியது. பலகைக்குத் தையல் மிஷின் கால் கிடைத்தது. மனைவிக்கு நான் சொன்ன பொய் மட்டும், உலகத்தில் வேறெந்த வாக்குறுதிக்கும் கிடைக்காத நேர்மையோடு, அப்படியே நிறைவேறியது.

போன மாதம் மேற்குத் தாம்பரத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. போகும் வழியில் இருவரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பஸ்ஸில் கசங்கிய அவன் சட்டையை அவன் மனைவி எங்கள் பலகையில் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பெட்டி மேட்டில் ஏறி இறங்கி 'டொக்' என்றது. அவன் பனியனோடு உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தான். காலம் எல்லாவற்றையும் ஆற்றிவிட்டது என்ற தைரியத்தில் நான் கொஞ்சம் பெருமையடித்துக்கொண்டேன். "என்ன இருந்தாலும் அந்த மூணு மாசம் இந்தப் பலகை இல்லன்னா இவன் ஒடிஞ்சி போயிருப்பான்மா. அதுக்குத்தான் நான் இதை இழுத்துப் போட்டுக்கிட்டேன்."

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "அப்படியா அண்ணா? அன்னைக்கு வண்டியில போகும்போது, ஏன் என்கிட்ட சொல்லலன்னு நான் கேட்டேன். 'ரெண்டாவது வாரமே சொல்லிட்டு வேற வேலை தேடியிருப்பேன். ஆனா மாமா வேலைய விட்டதுலேர்ந்து ஒரு மாதிரி ஆயிட்டாரு, மொட்டமாடியில தனியா உக்காந்திருக்காரு, பலகை செய்யலாமான்னு சின்னக் குழந்தை மாதிரி கேட்டுட்டாரு, நான் போகலன்னா அவருக்கு யாரு இருக்கா'ன்னாரு."