புடலம்பிஞ்சில் கட்டிய கல்

என் மகளுக்கு ஆறு வயதானபோது, சித்தூருக்குக் கிழக்கே எங்கள் தோட்டத்தில், கிணற்று வாய்க்காலை ஒட்டி நான்கு முழ நிலத்தை அவளுக்கென்று ஒதுக்கினேன். ஐந்து புடலை விதை ஊன்றினாள். பொறுமை கற்கட்டும் என்பது என் எண்ணம். ஆனால் முளைக்கும்வரை தினமும் இரண்டு தடவை மண்ணைக் கிளறப் போனவன் நான்தான். அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

"தூங்கறதை எழுப்பப்படாதுங்கப்பா."

ஒன்பதாம் நாள் மூன்று முளைத்தன. கொடி பந்தல் ஏறி முதல் பிஞ்சு விட்டது. அதைத் தன் கையாலேயே அறுத்து அம்மாவிடம் கொடுக்க வேண்டும் என்று அவள் காலையும் மாலையும் போய்ப் பார்த்தாள். பிஞ்சோ நான்கு விரல் நீளத்திலேயே நுனி சுருண்டது. எனக்கு அது உறுத்தியது. சாப்பிட உட்கார்ந்தாலும் அதே நினைவு.

"கோணக்காயி வேகாதுங்களா?" என்று மனைவி சிரித்தாள். "எல்லாமே உங்க நோட்டுல போட்ட கோடாட்ட இருக்கோணுமாக்கும்."

புடலை நேராக வளர நுனியில் சிறு கல்லைக் கட்டித் தொங்கவிடுவது எங்கள் பக்க வழக்கம். ஒரு சாண் நீண்ட பிறகே கட்டுவார்கள். அது எனக்குத் தெரியும். இருந்தும் ஒரு மாலை, மகள் வீட்டுக்குள் இருந்தபோது, வாழைநாரால் கல்லைக் கட்டிவிட்டேன். காலையில் அவளுக்கு முன்பே எழுந்து ஓடினேன். காம்பு இற்றுப் பிஞ்சு தரையில் கிடந்தது. கல்லை அவிழ்த்து வாய்க்காலில் எறிந்தேன். அதன் பிறகே அவள் வந்தாள்.

அழவில்லை. வலக்கை ஆள்காட்டி விரலை மற்றக் கையால் பொத்திக்கொண்டாள்.

"நான்தானுங்கப்பா. நேத்து பக்கத்தூட்டுப் புள்ளைக்கு வெரல் நீட்டிக் காட்டிப்போட்டேன்."

பிஞ்சை விரலால் சுட்டினால் உதிர்ந்துவிடும் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். கல்லைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை. வீட்டுக்குள் போனேன், வெளியே வந்தேன். தினமும் எழுதும் நாட்குறிப்பைத் திறந்து, எழுதாமல் மூடினேன். மத்தியானம் அவள் சோற்றில் இடக்கையை வைத்தாள்.

"சோத்துக்கையி என்னாச்சு?" என்று அவள் அம்மா அதட்டினாள்.

"அது கெட்ட கையிங்கம்மா."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "கண்ணு, கல்லுக் கட்டுனது நானு. பாரந் தாங்காம உளுந்துருச்சு."

"அது என்ற காயிங்கப்பா. எங்கிட்டக் கேக்கோணுமல்ல?"

"கேட்டிருக்கோணும்."

சாப்பாட்டை முடித்துப் பந்தலுக்குப் போனாள். புதிதாக விட்டிருந்த இரண்டு பிஞ்சுகளுக்கும் நேரே, விரலை நன்றாக நீட்டி, ஒவ்வொன்றாகச் சுட்டினாள். வேண்டாம் என்று எனக்கு வாய்வரை வந்தது.

"உளுகுதான்னு நாளைக்குப் பாக்கலாமுங்க," என்றாள். "நீங்க கிட்ட வரப்படாது."

வாய்க்காலுக்கு இப்பாலேயே நின்றுகொண்டேன்.